‘எல்லாம் சுபம்’ என்று சொன்ன பட்டன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம், ஸ்ரீரங்கத்தில் நடந்தது இது. எனக்கு வீடு காட்டூரில். மலைக்கோட்டை அடிவாரத்துச் சந்து ஒன்றில் மொத்த ஜவுளிக் கடை ஒன்று இருக்கிறது. அங்கேதான் கணக்கு எழுதுகிறேன். எழுதுகிறேன் என்று பழக்கதோஷத்தில் சொல்கிறேனே தவிர, எல்லாம் கம்ப்யூட்டரில்தான்.

கடையில் மற்ற எல்லோருக்கும் எக்செல் என்றால் கட்டம் போட்ட நோட்டு மாதிரி. எனக்கு மட்டும் அதில் மேக்ரோ எழுதத் தெரியும். மேக்ரோ என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தினமும் ஒரே மாதிரி செய்கிற வேலையை வரிசையாக எழுதி வைத்துவிட்டால், அப்புறம் ஒரு பட்டனை அழுத்தினால் போதும், அதுவே செய்துவிடும். வீடியோ பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டது. அரை நாள் வேலை ஒரு நொடியில் முடிவதைப் பார்த்து முதலாளி வாயைப் பிளந்தபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

கடைக்கு வழக்கமாகப் புடவை எடுக்க வரும் ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் உண்டு. பிள்ளைகள் எல்லாம் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, தனியாக வசிக்கும் வயதானவர்களுக்கு மாமி தளிகை பண்ணி அனுப்புகிறார். சமையலை அவர்கள் தளிகை என்றுதான் சொல்வார்கள். காலை பத்து மணிக்குள் வீடு வீடாகக் கேரியர் போய்விடும். அதில் பெரிய தலைவலி என்னவென்றால், ஒரு வீட்டுச் சாப்பாடு இன்னொரு வீட்டுக்கு ஆகாது. ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு, ஒருவருக்குப் பல் இல்லை, ஒருவர் ஏகாதசிக்கு அரிசி தொடமாட்டார். அதனால் இணையத்தில் வீட்டுக்கு ஒரு எக்செல் ஃபைல். அந்தந்த வீட்டுப் பிள்ளைகள் இருக்கிற ஊரில் இருந்தபடியே அதைத் திறந்து, இன்றைக்கு இது வேண்டும், இது கூடாது என்று மாற்றி வைப்பார்கள். மாமி தினமும் விடிகாலையில் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். கண்ணே போய்விட்டது என்று கடையில் வந்து புலம்பினார்.

“அதுக்கு ஒரு பட்டன் போதும் மாமி” என்றேன். எனக்குத்தான் தலைக்கனம் என்று சொன்னேனே.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போய் எழுதிக் கொடுத்தேன். மாமி பட்டனை அழுத்தினால், மேக்ரோ ஒவ்வொரு வீட்டு ஃபைலாகத் திறந்து, உள்ளே இருக்கும் பத்தியத்தைப் படித்து, எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கிச் சேமித்து, அச்சடித்தும் விடும். சமையற்கட்டில் அதைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கேரியர் கட்டலாம். ஏதாவது ஒரு ஃபைல் திறக்காவிட்டால் வேலையை அங்கேயே நிறுத்தி, எந்த வீடு என்று சொல்லும்படியும் எழுதியிருந்தேன். முதலில் எழுதியபோது நான் சரியாகத்தான் எழுதினேன். இதை இங்கே சொல்லி வைப்பது எனக்கு ஒரு ஆறுதல், அவ்வளவுதான்.

பத்து நாள் போயிருக்கும். மாமியிடமிருந்து போன். “நீ எழுதிக் குடுத்தது நன்னாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. கார்த்தால குளிச்சு, வாசல்ல கோலம் போட்டு, பெருமாளுக்கு விளக்கேத்திட்டு வந்து உக்காந்தா, மொதல்ல செவப்பா ஒரு பெருக்கல் குறி வந்து நிக்கறது. கூடவே டங்குன்னு ஒரு சத்தம். பிழை, பிழைன்னு எழுத்து வேற. அறுபது வீட்டுக்குத் தளிகை பண்ணப் போற நேரத்துல இது அமங்கலமா இருக்குடிம்மா. அதை எடுத்துடேன்.”

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வேலை பார்ப்பது வியாபாரம் நடக்கிற இடம். எங்கள் கடையில் காலையில் முதல் போணி ஆவதற்கு முன்னால் யாராவது வந்து ஒரு ரகத்தைக் கேட்டு, அது இல்லாவிட்டால், ‘இல்லை’ என்று சொல்லவே மாட்டோம். ‘வந்துக்கிட்டிருக்குங்க’ என்போம். லால்குடி பக்கம் என் பிறந்த வீட்டிலும் அரிசி தீர்ந்துபோச்சு என்று சொன்னால் அம்மாவிடம் திட்டு விழும். அப்படி வளர்ந்தவளுக்கு, விளக்கேற்றிவிட்டு வந்த முகத்தில் சிவப்புப் பெட்டி விழுவது தப்பு என்று மாமி சொன்னதில் ஒரு நியாயம் தெரிந்தது.

அந்தச் சிவப்புப் பெட்டி அடிக்கடி வந்ததற்கும் காரணம் இருந்தது. நமக்கு விடிகாலை என்றால் அமெரிக்காவில் சாயங்காலம். அங்கே எந்த மகனாவது ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பான். இங்கே மேக்ரோ முட்டிக்கொண்டு நிற்கும். மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும்.

ஆகவே நான் ஒரு வரியைச் சேர்த்தேன். ‘பிழை வந்தால் கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லுகிற வரி அது. மேக்ரோ எழுதும் எல்லோருக்கும் அது தெரியும். அதைக் கண்ட இடத்தில் போடக்கூடாது என்பதும் தெரியும். நான் பார்த்த வீடியோக்களில் எல்லாம் அதைப் பற்றி எச்சரித்திருந்தார்கள். இப்போதைக்கு இருக்கட்டும், திறக்காத வீடுகளைச் சத்தமில்லாமல் இன்னொரு தாளில் குறித்து வைக்கிற மாதிரி அடுத்த வாரம் எழுதிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதோடு நிற்காமல், மாமியின் மனசு குளிரட்டும் என்று கடைசியில் ஒரு பச்சைப் பெட்டியும் வைத்தேன். வேலை முடிந்ததும் அதில் ‘எல்லாம் சுபம்’ என்று வரும். மாமிக்கு அப்படி ஒரு சந்தோஷம். அக்கம்பக்கத்தில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாராம்.

அடுத்த வாரம் கடையில் பொங்கல் கூட்டம். அதற்கடுத்து முகூர்த்தப் புடவைக் கூட்டம். அந்த இன்னொரு தாள் எழுதப்படவே இல்லை.

இனி மாமி கேரியர் அனுப்பிய வீடுகளில் ஒன்றில் இருந்த ஒரு மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு உத்தர வீதியில் தனியாக இருந்தார். ஒரே மகள், புனேயில். அவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. உப்பு பெயருக்குத்தான். தக்காளி, கீரை, எலுமிச்சை, ஊறுகாய் எதுவும் கூடாது. உருளைக்கிழங்கைக்கூட வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு உண்டு.

அவர் வீட்டு ஃபைலை அமைத்துக் கொடுக்க நானே ஒரு தடவை போயிருந்தேன். மகள் வீடியோ காலில் இருந்தார். நான் பக்கத்தில் இருக்கிறேனே என்றுகூடப் பார்க்காமல் அப்பாவிடம் கறாராகச் சொன்னார். “சாப்பாடு ஒழுங்கா நடக்கற வரைக்கும் நீங்க ஸ்ரீரங்கத்துல இருக்கலாம்ப்பா. பத்தியத்தை மீறி ஒரே ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போனேள்னா, அப்புறம் பேச்சே கிடையாது. என்னோட வந்துடணும்.”

மாமா சரி சரி என்று தலையாட்டிவிட்டு, போனை வைத்ததும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “புனேல அவாத்து பால்கனியில நின்னா எதிர்த்தாப்புல இன்னொரு பால்கனிதாம்மா தெரியும். இங்கே வாசலுக்கு வந்தா பெருமாள் கோபுரம். தினம் ஒரு தடவை உள்ளே போய்ச் சேவிச்சுட்டு வந்துடறேன். எனக்கு வேற என்ன வேணும்? அதுக்காக உப்பில்லாததைத் தின்னுட்டுப் போறேன்.” சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் அந்த ஊரில் தொடர்ந்து இருப்பதும் இல்லாததும் அந்தக் கேரியரில்தான் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. புரிந்தும்தான் அந்த வரியைச் சேர்த்தேன்.

மாசி பிறந்து கொஞ்ச நாளில் மாமி போன் செய்தார். கோயில் உற்சவத்துக்குக் கட்ட ஒரு புடவை எடுத்து வைக்கச் சொல்லத்தான் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, “ஒரு நல்ல சேதி கேட்டியோ? உத்தர வீதி மாமாவுக்குப் பத்தியம் எடுத்துட்டா போலிருக்கு. லிஸ்ட்ல கீரை, ஊறுகாய், சாத்துமது எல்லாம் வந்திருக்கு. பெருமாள் கண்ணைத் தொறந்துட்டார்” என்றார். ரசத்தைத்தான் அவர்கள் சாத்துமது என்பார்கள்.

அப்போது என் முன்னால் சூரத்திலிருந்து வந்த பார்சல்கள் பிரித்த நிலையில் கிடந்தன. “ரொம்ப சந்தோஷம் மாமி. பொண்ணு டாக்டரைக் கேட்டுட்டு மாத்தியிருப்பாங்க” என்றேன். கெட்டுப்போன சிறுநீரகம் திடீரென்று எப்படிச் சரியாகும் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். பட்டியலில் இருக்கிறது என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று மாமி நினைத்தார். நான் எழுதியது என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்தேன். இரண்டு பேரும் சந்தோஷமாகப் போனை வைத்தோம்.

அந்த வாரக் கடைசியில் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. காலெல்லாம் வீங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் போட்டு டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டயாலிசிஸ் செய்து பிழைக்க வைத்தார்கள். மகள் அலறியடித்துக்கொண்டு விமானத்தில் வந்து இறங்கினார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது பின்னால்தான். மாமிக்கே மாமா போன் செய்து சொன்னபோதுதான் தெரியுமாம். “கடையில ஊறுகாயும் மிக்சரும் வாங்கித் தின்னு தொலைச்சேன். வாயைக் கட்டத் தெரியலை. பொண்ணு என்னை அழைச்சுண்டு போறா. நாளையிலேருந்து சாப்பாடு வேண்டாம். அவகிட்ட நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், அவ ரொம்பக் கோபமா இருக்கா” என்றாராம். பத்தியம் நீங்கியதும் மனுஷர் ஆட்டம் போட்டுவிட்டார் என்று மாமி வருத்தப்பட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். அந்த வீட்டு ஃபைலை எடுத்துவிடு என்றார்.

மறுநாள் கடையில் மதியச் சாப்பாட்டு வேளை. எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்கலாம் என்று அந்த ஃபைலை நானே கையால் திறந்தேன். மேக்ரோ இல்லாமல் திறந்ததால் மறைக்க யாரும் இல்லை. ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது, திறக்க முடியாது என்று செய்தி வந்தது.

பழைய நாட்களின் பட்டியல்களைத் தேடி எடுத்தேன். அந்த வாரம் முழுக்க மாமாவின் பெயருக்கு நேரே இருந்தது, அதற்கு மேல் வரியில் இருந்த வீட்டின் சாப்பாடு. ஒரு எழுத்துகூட மாறாமல் அப்படியே இருந்தது. அந்த வீட்டில் நன்றாகச் சாப்பிடும் தம்பதி. உப்பு உறைப்பு தூக்கலாக, தினமும் கீரை, எலுமிச்சை ஊறுகாய் தனி டப்பாவில்.

நடந்தது இதுதான். வீட்டின் பெயரை மேக்ரோ ஃபைலின் பெயரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அதற்குத் திறக்க வேண்டியதில்லை. பத்தியத்தை மட்டும் உள்ளே போய்ப் படிக்கும். மகள் ஏதோ மாற்றம் செய்து புதுப் போனிலிருந்து சேமித்திருக்கிறார். அது பாதியில் நின்று ஃபைல் கெட்டுவிட்டது. காலையில் மேக்ரோ அதைத் திறக்கப் பார்த்திருக்கிறது, முடியவில்லை. கண்டுகொள்ளாதே, அடுத்த வரிக்குப் போ என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேனே. அடுத்த வரிக்குப் போய்விட்டது. முந்தின வீட்டில் படித்த சாப்பாடு இன்னும் அதன் கையிலேயே இருந்தது. அதையே மாமா பெயருக்கு நேரே எழுதிவிட்டு, ‘எல்லாம் சுபம்’ என்று பச்சைப் பெட்டியும் காட்டியிருக்கிறது. அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தால்கூட மாமி என்னவென்று கேட்டிருப்பார். வேறு சில வீடுகளுக்கும் இப்படி ஒவ்வொரு நாள் மாறிப் போயிருக்கிறது, ஒரு நாள்தானே என்று யாரும் கேட்கவில்லை.

முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுச் சத்திரம் பஸ் நிலையத்துக்கு நடந்தேன். ஸ்ரீரங்கம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, “என்னாச்சுங்க, யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது பொய்யும் இல்லை.

மாமியிடம் சொன்னபோது அப்படியே சமையற்கட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். “செவப்பு வேண்டாம்னு நான்தானே சொன்னேன்” என்றார். கூட வருகிறேன் என்று எழுந்தார். “வேணாம் மாமி. எழுதினது நான். நானே போய்ச் சொல்லிட்டு வரேன்” என்று தடுத்துவிட்டேன்.

எனக்குள் அப்போது ஒரு நப்பாசை இருந்தது. பத்தியத்தை மீறியவர் மாமா இல்லை என்று தெரிந்தால் மகள் மனசு மாறலாம். அவர் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கலாம். உண்மையைச் சொல்வதால் எனக்கு அவமானம், ஆனால் அவருக்கு லாபம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போயிருந்தது. மாமா இளைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். யாரென்று சொல்லிக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மேக்ரோ என்றால் என்ன, அந்த வரி என்ன செய்யும், பட்டியலில் மேல் வரி வீட்டின் சாப்பாடு எப்படிக் கீழ் வரிக்கு வந்தது எல்லாம். பயத்தில் தேவைக்கு மேலேயே விளக்கினேன். எல்லாம் என் தப்பு, மாமா மேல் தப்பே இல்லை என்று முடித்தேன்.

மகள் டேப்பைக் கீழே வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. அப்பா பக்கம் திரும்பி, “அப்போ ஊறுகாய், மிக்சர் எல்லாம்? டாக்டர்கிட்ட நீங்கதானே சொன்னேள், வாங்கித் தின்னேன்னு?” என்று கேட்டார்.

மாமா என்னைத்தான் பார்த்தார். “ஏம்மா, அப்போ அது யாரும் வேணும்னு போட்டு அனுப்பலையா?”

எனக்குப் புரியவில்லை. அவர் மெல்ல மெல்லச் சொன்னார். தை மாதத்தில் ஒரு நாள், கேரியர் வரத் தாமதமானபோது சமையற்கட்டுக்குப் போன் செய்திருக்கிறார். எடுத்தது அங்கே மாமிக்கு உதவியாக வேலை பார்க்கிற யாரோ ஒரு பெண். விளையாட்டாக, “ஒரே ஒரு நாள் உப்புப் போட்ட சாத்துமது அனுப்பக்கூடாதா? செத்துப்போறதுக்குள்ள ஒரு வாய்” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் சிரித்துவிட்டு வைத்துவிட்டாராம். அப்புறம் மாசியில் ஒரு நாள் கேரியரைத் திறந்தால் சாத்துமது வாசனை ஆளைத் தூக்கியிருக்கிறது. பக்கத்தில் கீரை, டப்பாவில் ஊறுகாய். மனசு கேட்காமல் யாரோ ஒருத்தி தனக்காகத் திருட்டுத்தனமாக வைத்து அனுப்புகிறாள் என்று நினைத்துவிட்டார். தப்பு என்று தெரியும். ஆனால் திருப்பி அனுப்பினால் அவளுக்கு வேலை போய்விடுமே, அவள் மனசும் நோகுமே என்று தினமும் சாப்பிட்டிருக்கிறார். உடம்புக்கு வந்ததும், அவளைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று கடையில் வாங்கியதாகப் பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். மாமியிடம் தானே பேசியதும், மகளைப் பேசவிடாததும் அதற்காகத்தான்.

“அவ யாருன்னு எனக்குத் தெரியாது. முகம்கூடப் பார்த்ததில்லை. ஆனா தினமும் சேவிக்கப் போறச்சே, அந்தக் கொழந்தை நன்னா இருக்கணும்னு பெருமாள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிண்டிருந்தேன்” என்றார். பிறகு “அப்படி யாரும் இல்லையா?” என்று மறுபடியும் கேட்டார்.

“இல்லைங்க மாமா. அது மேக்ரோ” என்றேன்.

இப்படி ஒரு பதிலை என் வாழ்க்கையில் நான் யாருக்கும் சொன்னதில்லை. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தும், வீட்டைக் காலி செய்யும்போதும்கூட அவரிடம் மிச்சமிருந்த ஏதோ ஒன்று அப்போது போனது. கோபம் எல்லாம் இல்லை. “ஓ” என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள்தான் என்னை வாசல் வரை கொண்டுவந்து விட்டார். நான் என் நப்பாசையை வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “அப்பா கடையில வாங்கித் திங்கலைன்னு ஆயிடுச்சுங்களே. அவங்க இங்கேயே இருக்கலாம் இல்லைங்களா? நான் எல்லாத்தையும் சரி பண்ணிடறேன்.”

அவர் கண் கலங்கியிருந்தது. “அப்பா எனக்குத் தெரியாம வாங்கித் தின்னார், அவரை நம்பி விட முடியாதுன்னுதான் அழைச்சுண்டு போக முடிவு பண்ணேன். இப்போ அப்பா தானாத் தேடிப் போய்த் திங்கலைன்னு தெரிஞ்சுடுத்து. ஆனா சாப்பாட்டை எதை நம்பி விடறது, சொல்லுங்கோ?” என்றார். அவர் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை. தெரு முனைக்கு வந்ததும் கோபுரம் கண்ணில் பட்டது. கும்பிடத் தோன்றவில்லை, நேரே பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டுக்குப் போய் அந்த வரியை எடுத்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போகும் முன்னால் கையில் இருப்பதை உதறிவிட்டுப் போகும்படி மாற்றினேன். ஒரு ஃபைல் திறக்காவிட்டாலும் பட்டியல் அச்சாகாது. அந்த வீட்டுக்குப் போன் செய்து கேட்ட பிறகுதான் மேலே நகரும். சிவப்புப் பெட்டி இப்போது முன்னைவிடப் பெரிதாக வருகிறது. மாமி விளக்கேற்றுவதற்கு முன்னாலேயே பட்டனை அழுத்திப் பார்த்துவிடுகிறார், பிறகுதான் பூஜை. இவ்வளவு எளிய வழி அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

மாமாவிடம் அதற்குப் பின் ஒரு தடவை போனில் பேசினேன். பிரியமாகத்தான் பேசினார். புனேயில் குளிர் அதிகம் என்றார், என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகள் பார்த்துப் பார்த்துச் செய்கிறாராம், உடம்பு நன்றாக இருக்கிறதாம் என்று மாமி மூலம் கேள்விப்பட்டேன். நல்லது. அங்கே கோயில் இருக்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை.

நான் போய்ச் சொன்னது சரிதான் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். சொல்லாமல் இருந்திருந்தால் மகள் ஆயுசுக்கும் அப்பா திருட்டுத்தனமாக வாங்கித் தின்றார் என்றே நினைத்திருப்பாரே என்கிறார். அதுவும் உண்மை. ஆனாலும் அந்த “ஓ” காதை விட்டுப் போகவில்லை. முகம் தெரியாத ஒருத்தி தன் மேல் இரக்கப்பட்டாள் என்ற நினைப்போடு அவர் ரயில் ஏறியிருப்பார். அதையும் நான் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். நடந்த அன்றைக்கே என் பிழை ஒரு சிவப்புப் பெட்டியாக வாயைத் திறந்திருந்தால் அவரை அந்த ஊரிலேயே இருக்க வைத்திருக்கும். எல்லாம் முடிந்த பிறகு நான் போய்ச் சொன்ன உண்மை என் பாரத்தை மட்டும்தான் குறைத்தது.